பிறந்த இடம்: மன்னார்

யாருக்காவது விண்ணப்பம் நிரப்பி முடித்து, கடைசியில் 'சமர்ப்பி' என்ற பொத்தானை அழுத்தும்போது எனக்குக் கை நடுங்கும். பத்து வருஷமாக நடுங்குகிறது. சாதிச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பட்டா மாற்றம் என்று ஒரு நாளைக்கு முப்பது பேருக்கு அழுத்தினால் முப்பது தடவையும் நடுங்கும். "தோ பார்றா, பாம் வெக்கிற மாதிரி அமுக்குறா" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அவருக்கென்ன, அவர் லாரி ஆபீஸில் வேலை செய்கிறவர். ஏற்றிய மூட்டையை இறக்கிவிடலாம். நான் ஏற்றியதை இறக்க முடியாது.

செங்கல்பட்டில் கலெக்டர் ஆபீஸுக்குப் போகிற ரோட்டில் என் கடை. ஜெராக்ஸ் மிஷின் ஒன்று, கம்ப்யூட்டர் ஒன்று, உட்கார நாலு ஸ்டூல். போன வருஷம் வாக்காளர் பட்டியலைத் திருத்துகிறோம் என்று வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள் அல்லவா, அந்தச் சமயத்தில் ஸ்டூல் போதாமல் ஜனங்கள் வாசலில் நின்றார்கள். அந்தக் கூட்டத்தில்தான் அவளும் மகளும் வந்தார்கள்.

மகளுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. பொத்தேரி பக்கம் ஒரு காலேஜில் முதல் வருஷம். படபடவென்று பேசினாள். "யக்கா, இந்தக் கட்டத்துல அம்மா பேரு, அம்மாவோட ஓட்டு நம்பரு கேட்டுகீறாங்க. அம்மாக்கு ஓட்டே கெடையாது. இன்னா எழுதறது?" என்றாள்.

"ஏன் கிடையாது? அம்மா இன்னா வானத்துலேந்து குதிச்சாங்களா?" என்று நான் வாய்க்கு வந்தபடி கேட்டுவிட்டேன்.

அம்மாக்காரி பிளாஸ்டிக் கவரைப் பிரித்து ஒரு பழைய அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அகதிக் குடும்ப அட்டை. குடும்பத் தலைவி என்று அவள் தாயின் பெயர், கீழே மகள் என்று இவள் பெயர். பிறந்த ஆண்டு எண்பத்தைந்து. பிறந்த இடம்: மன்னார். "நான் சிலோன், அக்கா" என்றாள், பக்கத்து ஸ்டூல்காரருக்குக் கேட்காத குரலில்.

கைக்குழந்தையாகப் படகில் வந்தவளாம். அச்சரப்பாக்கம் பக்கம் ஒரு பழைய நெல் குடோனில் இருந்த முகாமில் வளர்ந்திருக்கிறாள். இருபது வயதில், மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில் இறால் உரிக்கிற கொட்டகைக்கு வேலைக்குப் போன இடத்தில் ஒரு மீன்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் இந்த ஊர்க்காரர், தலைமுறை தலைமுறையாக அந்தக் கரையில்தான். அப்பா இறந்தபின் தாயையும் அழைத்து வந்து கூடவே வைத்துக்கொண்டாள். இப்படி முகாமுக்கு வெளியே வாழ்கிறவர்களை 'வெளிப்பதிவு' என்பார்கள். மாதம் ஒரு முறை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். தாயும் மகளும் ஒன்றாகப் போய், ஒரே நோட்டில் அடுத்தடுத்த வரியில், தாய் கைநாட்டும் மகள் கையெழுத்தும் வைத்துவிட்டு வருவார்கள். நாற்பது வருஷம் இந்த மண்ணில் இருந்துவிட்டு, இன்னும் கையெழுத்து.

எனக்கு மனசு பொங்கிவிட்டது. பயந்தாங்கொள்ளிகளுக்குத் திடீரென்று ஒரு வீரம் வரும் பாருங்கள், அது வந்தது. "இதுக்கா இவ்ளோ நாள் முழிச்சிகினு இருந்தீங்க? இந்தியக் குடியுரிமை கேட்டு அப்ளிகேஷன் போட்டுடலாம். நான் போட்டுத் தரேன்" என்றேன். அவள் கண் கலங்கிக் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதுவரை நான் ஒரே ஒரு குடியுரிமை விண்ணப்பம்கூட நிரப்பியதில்லை. ஆனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டத்தைக் காலியாக விடக்கூடாது; எதையாவது போட்டு நிரப்பினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். தற்போதைய குடியுரிமை என்ற கட்டத்தில் 'இலங்கை' என்று போட்டேன். எந்த வழியாக நாட்டுக்குள் வந்தீர்கள் என்று கேட்டது. 'படகு' என்று போட்டேன். பாஸ்போர்ட் நகல் கேட்டது. அதுதான் இல்லையே, அகதி அட்டையை ஸ்கேன் செய்து ஏற்றினேன். குடும்ப விவரத்தில் மகளின் பிறப்புச் சான்றிதழையும் ஏற்றினேன். எல்லாவற்றுக்கும் கீழே, இவை அனைத்தும் உண்மை என்று அவள் கையெழுத்து. கை நடுங்க அழுத்தினேன். போய்விட்டது.

ரெண்டு நாள் கழித்து என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள், இப்போது இங்கே கோர்ட்டில் வக்கீல், ஜெராக்ஸ் எடுக்க வந்தாள். செய்த புண்ணியத்தைச் சொல்லிக்கொள்ளாமல் இருக்க முடியுமா? சொன்னேன். அவள் விண்ணப்பத்தின் நகலை வாங்கிப் படித்தாள். படிக்கப் படிக்க முகம் மாறியது.

"அடிப்பாவி, இன்னா பண்ணி வெச்சிகீற நீ?"

"ஏண்டி?"

"பாஸ்போர்ட் இல்லாம வந்தவங்களுக்கு இந்த ஃபாரமே கெடையாதுடி. அவங்கள சட்டவிரோதமா வந்தவங்கன்னுதான் சட்டம் சொல்லுது. சரி, இத தள்ளுபடி பண்ணிட்டுப் போறான்னு வெய்யி. அந்தப் பொண்ணு எப்ப பொறந்துது?"

"ரெண்டாயிரத்து ஏழு."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ரெண்டாயிரத்து நாலு முடிஞ்சப்புறம் பொறந்ததுங்களுக்கு அப்பா மட்டும் இந்தியனா இருந்தா பத்தாது. அம்மா இந்த மாதிரி வந்தவங்களா இருக்கக்கூடாது. இத்தினி நாளா யாரும் நோண்டல, அந்தப் பொண்ணு பாட்டுக்கு ஆதாரு, காலேஜுன்னு ஓடிகினு இருந்துது. நீ இன்னாடான்னா அம்மாக்காரி கையெழுத்தோட, பொண்ணு சர்டிபிகேட்டையும் வெச்சி, நாங்க ரெண்டு பேரும் இந்தியருங்க இல்லன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துகீற."

ஜெராக்ஸ் மிஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தக்கூட எனக்குக் கை எழவில்லை. தாயை மீட்கப் போய் மகளையும் தண்ணீரில் தள்ளிவிட்டேன்.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். போன் அடித்தால் அவளோ என்று பயம். காக்கிச் சட்டை கடைப்பக்கம் வந்தால், அது டீ குடிக்க வந்த சட்டையாக இருந்தாலும், பயம். சோறு இறங்கவில்லை. 'யாரும் பார்க்க மாட்டார்கள், ஃபைல் எங்காவது கிடக்கும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்ன மனுஷி நான் என்று இப்போது நினைத்தாலும் அசிங்கமாக இருக்கிறது.

நாலாவது வாரம் அவள் புருஷன் போன் செய்தார். விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறதாம். தாய், மகள், பேத்தி மூன்று பேரும், எல்லா ஆவணங்களோடும். "நல்ல சேதிதானக்கா?" என்று கேட்டார். நான் "நேர்ல வந்து சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினேன். வழி முழுக்க என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தேன். கம்ப்யூட்டர் தப்பு என்று சொல்லலாமா? சட்டம் நேற்றுத்தான் மாறியது என்று சொல்லலாமா? மாமல்லபுரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துக் குப்பத்துக்குப் போகும்வரை ஒரு பொய்யும் உருப்படியாக வரவில்லை. வீட்டு வாசலில் அவள் புருஷன் படகு மோட்டாரைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். பெண் காலேஜுக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். கிழவியம்மா, அதாவது அம்மாக்காரியைப் பெற்ற தாயார், வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு நாற்காலி போட்டார்கள். அம்மாக்காரி டீ கொடுத்தாள். அந்த டீயைக் குடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

மீன்காரர் எழுந்தே விட்டார். "இன்னாக்கா சொல்ற நீ? எம் பொண்ணு எம் பொண்ணு இல்லியா? எங்கப்பன், எங்க தாத்தன், எல்லாம் இந்தக் கரையிலதான் கீறோம்! உன்ன யாரு போடச்சொன்னது? நாங்க பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டுகினு இருந்தோம், இப்டி பேஜாரு பண்ணிட்டியே!"

அவர் கத்தியது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அந்தப் பெண் கத்தவில்லை. "நான் காலேஜுக்குப் போலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லுக்கா" என்றாள். இத்தனை நாள் படபடவென்று பேசிய பெண்ணுக்கு உதடு வெளுத்திருந்தது. நான் அவள் அம்மாவைப் பார்த்துப் புலம்ப ஆரம்பித்தேன். புலம்பல்தான், வேறொன்றுமில்லை. "எண்பத்தேழு ஜூலைக்கு முன்னாடி இந்த மண்ணுல பொறந்தவங்களுக்கு ஒரு கேள்வியும் கெடையாதாம். அப்பா அம்மா எந்த நாடா இருந்தாலும், எப்படி வந்திருந்தாலும், புள்ள இந்தியன்தானாம். வக்கீலு சொன்னா. நீ மட்டும் இங்க பொறந்திருந்தா ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும். அதுக்கு முன்னாடியே அங்க பொறந்து தொலைச்சிட்டியே!"

முறம் நின்றது. தாயார் என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, அந்த ஜூலைக்கு முன்னம் எண்டா... மாசி மாசம் சரியோ?"

யாருக்கும் புரியவில்லை. அவர் முறத்தைக் கீழே வைத்தார். "எண்பத்தேழு மாசி. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரி. ரெண்டு நாள் வலியில கிடந்தனான்."

"என்னம்மா சொல்லுறியள்?" என்றாள் மகள். முப்பத்தெட்டு வயதுப் பெண், தான் பிறந்த ஊரை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்கிறாள். படகில் கைக்குழந்தையாக வந்தாள் என்ற கதையை அவளே நூறு பேரிடம் சொல்லியிருக்கிறாள். அலையில் நனைந்து ஜுரம் வந்தது, அப்பா சட்டையைக் கழற்றிப் போர்த்தினார் என்று எனக்கும் சொன்னாள். தாயார் அவள் முகத்தைப் பார்க்காமல், "நீ வயித்திலதான் வந்தனி" என்றார்.

பின்னே ஏன் மன்னார் என்று எழுதவைத்தீர்கள் என்று மாற்றி மாற்றிக் கேட்டோம். அவர் முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டார். "அதைக் கேளாதேங்கோ. கவுன்மெண்டுக்குப் பொய் சொல்லி நாப்பது வருசம். இப்ப போய் உண்மையைச் சொன்னா என்னைப் பிடிச்சு ஸ்பெஷல் கேம்பில போடுவினம். செங்கல்பட்டு எண்டாலே எனக்கு அதுதான் ஞாபகம் வரும். நான் வரமாட்டன், பிள்ளை. நீங்கள் பாத்துச் செய்யுங்கோ." செங்கல்பட்டில் முன்பு அகதிகளை அடைத்துவைக்கிற அப்படி ஒரு முகாம் இருந்தது. அது போய்ப் பல வருஷமாகிறது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

திரும்பி வந்ததும் வக்கீலை இழுத்துக்கொண்டு பழைய பிறப்புப் பதிவேட்டைத் தேட மனுப் போட்டேன். பதிவேடு நகராட்சியில் இருந்தது. அலமாரியைத் திறந்த ஊழியர், "எண்பத்தேழா? கரையான் விட்டு வெச்சிருந்தா உங்க அதிர்ஷ்டம்மா" என்றார். நான் அந்த பெஞ்சில் உட்கார்ந்து ஊரில் உள்ள சாமியை எல்லாம் வேண்டினேன். அவர் விரலை எச்சில் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டினார். பிப்ரவரிக் கடைசியில் இருந்தது. பெண் குழந்தை. பெயர் என்ற இடம் காலி. தாய் பெயர், தகப்பன் பெயர். முகவரி: அகதிகள் முகாம், நெல் குடோன். நான் அங்கேயே ஓவென்று அழுதேன். ஊழியர் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

ஆனால் அந்தக் காகிதம் மட்டும் போதாது என்று வக்கீல் சொல்லிவிட்டாள். "பேரு இல்லாத ஒரு கொழந்தை பொறந்துதுன்னுதான் அதுல கீது. அந்தக் கொழந்தை இவதான்னு சொல்ல ஒரே ஒரு ஆள்தான் உலகத்துல கீறாங்க. அந்தம்மா வந்து வாயத் தொறக்கணும். இல்லாட்டி அட்டைல இருக்கறதுதான் நிக்கும்."

விசாரணை நாளன்று காலையில் கடையைத் திறக்காமல் வாசலில் நின்றேன். பத்து மணிக்கு ஆட்டோவில் வந்தார்கள். நாலு பேர். தாயார் இறங்கினார், ஆனால் ஆட்டோவின் கம்பியை விடவில்லை. பேத்தி விரல் விரலாகப் பிரித்து அழைத்துவந்தாள். வரமாட்டேன் என்றவர் எப்படி வந்தார் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதிகாரி நடுவயதுக்காரர். என்னையும் உள்ளே இருக்க அனுமதித்தார். விண்ணப்பம் நிரப்பியது யார் என்று கேட்டார். "நான்தாங்க சார்" என்று எப்படியோ சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. அட்டையின் நகலையும் பிறப்புப் பதிவின் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இதுல மன்னார், எண்பத்தஞ்சு. இதுல செங்கல்பட்டு, எண்பத்தேழு. ரெண்டுமே நீங்க சொல்லி எழுதினதுதாம்மா. எது பொய்?"

தாயார் பேசவில்லை. அதிகாரி மறுபடி கேட்டார். மகள் தாயின் முழங்காலைத் தொட்டாள். பேத்தி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. இந்தம்மா வாயைத் திறக்காமல் எழுந்து போய்விட்டால் அந்தப் பெண்ணின் முகத்தில் நான் எப்படி முழிப்பது?

"இவள் பிறந்தது இங்கதான், ஐயா. அட்டையிலதான் பொய்" என்றார் கடைசியில். குரல் வெளியே வரவில்லை, அதிகாரி குனிந்து கேட்டார்.

"ஏம்மா மாத்திச் சொன்னீங்க?"

"கப்பல் வருது, எல்லாரையும் ஊருக்குத் திருப்பி அனுப்பப் போகினம் எண்டு முகாமில லிஸ்ட் எடுத்தினம். இங்க பிறந்த பிள்ளையளைக் கப்பல்ல ஏத்தமாட்டினம், அதுகள் இந்தியாப் பிள்ளையள், இங்கயே விட்டிட்டுத்தான் போகவேணும் எண்டு லைன்ல ஆரோ சொல்லிச்சினம். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது, ஐயா. நான் நம்பியிட்டன். இவளை இடுப்பில வச்சுக்கொண்டு போய், அங்கயே பிறந்தவள், முதல் லிஸ்டில எழுத மறந்து போச்சு எண்டு சொன்னனான். எழுதினவர் இவளை நிமிர்ந்தும் பாக்கேல்லை. வயசையும் கூட்டிச் சொன்னனான். பிறகு அங்க திரும்பவும் சண்டை. கப்பல்ல நாங்கள் போகேல்லை. பொய் மட்டும் நிண்டிட்டுது."

அதிகாரி பேனாவை மூடினார். பிறகு, "இதையெல்லாம் அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்குங்க" என்று உதவியாளரிடம் சொன்னார். தாயார் பெருவிரலை மையில் வைத்தபோது அது காகிதத்தில் இரண்டு இடத்தில் பட்டுவிட்டது. "இப்ப என்னைக் கூட்டிக்கொண்டு போவினமோ?" என்று என்னிடம் கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? அதிகாரியே "வீட்டுக்குப் போங்கம்மா" என்றார்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் காத்திருந்தோம். குப்பத்தில் போய் விசாரித்தார்கள், பழைய முகாமில் விசாரித்தார்கள், வக்கீல் நாலு தடவை நினைவூட்டு மனுப் போட்டாள். ஒரு நாள் கடிதம் வந்தது. இவள் பிறப்பாலேயே இந்தியர், குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கவே தேவையில்லை, ஆகவே விண்ணப்பம் முடித்துவைக்கப்படுகிறது, அகதிப் பதிவேட்டிலிருந்து இவள் பெயர் நீக்கப்படுகிறது. நான் அதை மூன்று தடவை சத்தமாகப் படித்தேன். அவள் புருஷன் பாதாம் அல்வா வாங்கிவந்து என் வாயில் திணித்தார். "திட்டினத மனசுல வெச்சிக்காதக்கா" என்றார். அம்மா இந்தியர் என்றானதும் மகள்மேல் இருந்த கேள்வியும் போனது; பெண் துள்ளிக்கொண்டு போனில் தோழிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் வெட்கமில்லாமல் இன்னொரு துண்டு அல்வா கேட்டு வாங்கித் தின்றேன்.

தாயார் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அல்வா கையில் அப்படியே இருந்தது. எல்லாரும் கொஞ்சம் ஓய்ந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இவள் இனி ஸ்டேசனுக்குக் கையெழுத்துப் போட வரத்தேவையில்லையோ?"

"தேவையில்லம்மா. இனிமே அவங்க இந்தியர்."

"அப்ப என்னை மட்டும் அனுப்புறது எண்டா அனுப்பலாம், என்ன?"

சிரித்துக்கொண்டிருந்த மகள் நிறுத்திவிட்டாள். அப்படியெல்லாம் அனுப்ப மாட்டார்கள் என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று எனக்கே தெரியாததால் பாதியில் நின்றுபோனது. அவர் என் பக்கமாகக் குனிந்து, மகளுக்குக் கேட்காமல் சொல்கிறார் போல, எல்லாருக்கும் கேட்கிற குரலில் கேட்டார்.

"இவளுக்கு எழுதின மாதிரி எனக்கும் ஒண்டு எழுதேலாதோ? நானும் இங்க பிறந்தனான் எண்டு?"

"முடியாதும்மா" என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் ஓம் என்று தலையை ஆட்டினார். கோபமில்லை, அழுகையுமில்லை. பழைய குடும்ப அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒருவர் மட்டும் உள்ள புது அட்டை வாங்க வேண்டும் என்று கடிதத்தின் கடைசி வரியில் இருந்தது. அதற்குப் புதுப் படம் வேண்டும். கடையில் நானே படம் எடுப்பேன், வெள்ளைத் துணிக்கு முன்னால் அவரை உட்காரவைத்தேன். இதுவரை தனியாக ஒரு படம்கூட எடுத்ததில்லை என்றார். மகள் ஓடிவந்து பின்னால் நின்று தாயின் தோளைப் பிடித்துக்கொண்டாள். தாயார் அந்தக் கையின்மேல் தன் கையை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தார்.

அப்படி எடுத்தால் படத்தை ஏற்க மாட்டார்கள். "கைய எடும்மா" என்று நான்தான் சொன்னேன்.